அவர்கள் தேவதூதர்கள் இல்லை

ஸ்பானிய ஓவியர் சுர்பரான், பாலைவனத்தில் தவமிருந்த கிறிஸ்தவத் துறவி புனித ஜெரோமை வரைந்த படத்தைப் பற்றி, ‘தேவதூதர்கள் இசை பாடி முனிவரைத் தேற்றுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரியில்லை. சிறகு எங்கே? யாழும் வீணைபோன்ற கருவிகளும் ஏந்தி நிற்பவர்கள் சாதாரணப் பெண்கள். ஜெரோமின் மனத்தை மயக்க வந்த சோதனையே அவர்கள்தான். கைகளைப் பாருங்கள்: எலும்பும் தோலுமான இரண்டு கைகளையும் நீட்டி ‘வேண்டாம்’ என்று தள்ளுகிறார், முகத்தையும் திருப்பிக்கொள்கிறார். தேளும் விலங்குகளுமே துணையாக இருந்த பாலைவனத்திலும் மனம் ரோமாபுரி நடனப் பெண்களிடம் போனது என்று ஜெரோமே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்கள் கழுத்துவரை போர்த்தியிருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். மடத்துக்கு வரைந்த படமாயிற்றே! தேவதூதர்கள் வருவது ஸ்பெயினின் குவாதலூப்பே மடத்தில் இதற்கு ஜோடியாக உள்ள படத்தில். அங்கேயும் தேற்றவில்லை, கிறிஸ்தவரல்லாத பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவை விரும்பிப் படித்ததற்காக ஜெரோமைச் சாட்டையால் அடிக்கிறார்கள்.