ஒரே ஒரு வீடியோ போதுமாம்

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீங்க. நேத்துல இருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டு இருக்காங்க. "நல்லா நடத்துற ஒரு டீச்சரை வீடியோ எடுத்து எல்லா ஸ்கூல்லயும் போட்டா போதும், ஊருக்கு ஊர் டீச்சர் எதுக்கு?" கீழ நம்ம நட்பு வட்டத்துல இருந்தே எத்தனை ஹார்ட்டு!

வீடியோ பாடம் நடத்தும். என்னைவிட நல்லாவே நடத்தும். ஆனா பிள்ளையோட நோட்டை எட்டிப் பார்க்காது.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கறவ நான். பல்லுறுப்புக் கோவைக்கு வர்க்கமூலம் காணும்போது, கழிக்கிற இடத்துல குறி மாத்தணும். முதல் உறுப்புக்கு மாத்திட்டு அடுத்ததுக்கு விட்டுடுவாங்க. மீதியே வரக்கூடாத இடத்துல மீதி வந்து நிக்கும். ஏன்னு பிள்ளைக்கே தெரியாது. கேட்டா "புரிஞ்சுது மிஸ்"னுதான் பதில் வரும். பெஞ்சுக்கு நடுவுல நடந்து போறப்ப அந்த மைனஸ் என் கண்ணுல படும். எந்த வீடியோ கண்ணுல படும், சொல்லுங்க?

தொழில்நுட்பம் தெரியாம பேசறேனாம். 2020 ஊரடங்குல ஃப்ரிட்ஜ் கண்ணாடித் தட்டை ரெண்டு எவர்சில்வர் டப்பா மேல வெச்சு, அது மேல போனைப் படுக்க வெச்சு, கீழ நோட்டுல கணக்குப் போட்டுக் காட்டினவ நான். ஜூம்ல காசு கட்டலைன்னா 40 நிமிஷத்துல கட் ஆயிடும். திரும்ப லிங்க் அனுப்பி எல்லாரும் உள்ள வர்றதுக்குள்ள பீரியடே போயிடும். எதிர்ல வெறும் கறுப்புக் கட்டம்.

அரசாங்கம் டிவில பாடம் நடத்துற கல்வித் தொலைக்காட்சியை மறந்துட்டியான்னு ஒருத்தர். மறக்கல. 2019லயே வந்தது, நெட் இல்லாத வீட்டுக்கு அதுதான் துணை. அப்புறம் 2021ல இல்லம் தேடிக் கல்வின்னு தன்னார்வலர்களை வெச்சு, சாயங்காலத்துல தெருவுக்குத் தெரு பிள்ளைங்களை உட்கார வெச்சது எதுக்காம்? வீடியோவே போதும்னா அவங்க எதுக்கு?

"வேலை போயிடும்னு பயமா?" ஆமா, பயம்தான். தனியார் பள்ளி டீச்சருக்கு வேற என்ன இருக்கு? ஆன்லைன் கடையைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் பயந்தா பரிதாபம், நான் பயந்தா சுயநலம்!

மோசமான டீச்சர் இல்லையான்னா, இருக்காங்க. மோசமான டாக்டரும்தான் இருக்கார்.

அதே ஊரடங்குல ஒரு பொண்ணு. வீட்ல ஒரே போன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டிட்டு ராத்திரி வந்தாதான் அது கைக்குக் கிடைக்கும். அதுக்கப்புறம் நோட்டை மங்கலா ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடும். நான் அதைப் பெருசு பண்ணி, தப்பு எங்கேன்னு விரலால சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவேன். மணி பதினொண்ணு ஆயிருக்கும்.

அப்பவும் இதே ஆளுங்கதான், "டீச்சருங்க வீட்ல சும்மாதானே இருக்காங்க, எதுக்கு ஃபீஸ்?"னு கேட்டாங்க. நிர்வாகம் உடனே பாதிச் சம்பளம்னு சொல்லிடுச்சு. நிலைமை சரியானதும் மீதியைத் தர்றோம்னாங்க. ஸ்கூல் திறந்து, அந்தப் பொண்ணு காலேஜும் போயாச்சு. மீதியைக் கேட்டா, அப்ப அக்கவுண்ட்ஸ்ல இருந்த மேடம் மாறிட்டாங்களாம், இப்ப இருக்கறவங்களுக்கு விவரம் தெரியாதாம்.