புயலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கடலையும் கொஞ்சம் பார்க்கலாம்

மும்பை செம்பூரில் நடந்த நம் கூட்டத்தின் காணொளி எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "2017இல் ஒக்கி புயல் வருகிறது, ஒக்கி வருகிறது என்று மும்பையையே மிரட்டினார்கள், கடைசியில் ஒரு குடைகூடத் திரும்பிக்கொள்ளவில்லை" என்று சிறப்புப் பேச்சாளர் சொன்னதும் அரங்கமே சிரித்ததே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புயலின் தீனி கடலில் இருக்கிறது. கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் பொதுவாகப் புயல் உருவாகும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம்; அந்தச் சூடு எவ்வளவு ஆழம்வரை இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சூடான படலம் மெலிதாக இருந்தால் புயல் தன் சோற்றில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்ட கதைதான். மெதுவாக நகரும் புயலுக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம். அது கடந்துபோன தடத்தில், நம் வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் வலப்பக்கத்தில், கடல் சில டிகிரி குளிர்ந்து கிடப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம்.

வங்கக்கடலில் நிலைமை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகளும் மழையும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதற்குக் கீழே உப்பு கூடிய, ஆனால் சூடு குறையாத நீர் இருக்கிறது. ஆகவே மழைக்காலம் முடிந்த மாதங்களில் அங்கே புயல் எவ்வளவு கலக்கினாலும் குளிர் எளிதில் மேலே வருவதில்லை. அரபிக்கடலுக்கு இந்த நன்னீர்ப் போர்வை இந்த அளவுக்குக் கிடையாது. ஒக்கி வடக்கே ஏறி வந்தபோது அடியில் குளிர்ந்த நீர். மேலே உயரத்துக்கு உயரம் மாறிய காற்று. இரண்டும் சேர்ந்து குலைத்ததால்தான் குஜராத் கரைக்கு அது வெறும் தாழ்வுப் பகுதியாகப் போய்ச் சேர்ந்தது. இதைத்தான் பொய் மிரட்டல் என்கிறார்கள்.

"நீ வங்கியில் வேலை பார்ப்பவன்தானே, உனக்கு எதற்கு இது?" என்று சிலர் கேட்பீர்கள். பேச்சாளரும் கடலியல் படித்தவர் அல்லர். அவரை யாரும் கேட்கவில்லை, சால்வை போர்த்தினார்கள்.

"கணிப்பு தவறுவதே இல்லையா?" தவறும். அதனால்தான் இரண்டாயிரம் மீட்டர் ஆழம்வரை இறங்கி வெப்பத்தையும் உப்பையும் அளந்துவரும் ஆர்கோ மிதவைகளைக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

"ஒக்கியை நேரத்தோடு சொல்லவில்லையே?" இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை. குமரிமுனைக்கு அருகே சில மணி நேரத்தில் அது புயலானபோது குமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. என் சித்தி மகனும் அவற்றில் ஒன்றில் இருந்தான். சித்தி தொலைபேசியில் அழக்கூட இல்லை. கரைக்கு எந்தப் படகு வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொரு படகின் பெயராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலிருந்து, யாரோ ஒரு மராத்தி மீனவரின் எண்ணில், "அண்ணா, நான்தான்" என்று அவன் குரல் வந்தது. அவனுடைய பக்கத்துத் தெருக்காரர் பலர் வரவேயில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கும் உரிமை அந்தக் கரையில் நின்றவர்களுக்கு உண்டு. டிசம்பர் 5ஆம் தேதி மும்பையில் புயலுக்காக விட்ட பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்து மழையை ரசித்துக்கொண்டே பஜ்ஜி சாப்பிட்டவர்களுக்கு, மன்னிக்க வேண்டும், இல்லை.

மும்பைக்கு எதுவும் வராது என்பவர்கள் 2021 மே 17ஐயும் மறந்துவிட்டார்கள். தௌக்தே புயல் இந்நகரில் கரையேறவில்லை, பக்கவாட்டில்தான் போனது; அதற்கே பாம்பே ஹை எண்ணெய் வயலருகே பி-305 மிதவைக் கப்பல் மூழ்கிப் பலர் உயிரிழந்தார்கள். கடல் அதே அரபிக்கடல்தான், ஆனால் மே மாதத்தில் அது சூடேறிக் கிடந்தது. டிசம்பரில் தப்பித்தோம் என்பதற்காக மே மாதத்தில் சிரிக்க முடியாது என்று அந்த அரங்கில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் குமரியிலும் தூத்துக்குடியிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். மேடையில் இருந்தவர் பெரிய மனிதர் என்றால் நம் ஊர்ச் சாவுகூட நமக்கு நகைச்சுவை ஆகிவிடும் போலும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்கும் பத்து நிமிடம் வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். நிகழ்ச்சி நிரல் நிரம்பிவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது. நிரலில் இதுவரை இருப்பது இறைவணக்கமும் இரவு உணவும்தான்.