மான்செஸ்டர் போதும், லிவர்பூலைப் பார்ப்போம்

கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்வதில் நமக்கு இன்னும் அலுப்பு வரவில்லை. அந்த மான்செஸ்டர் மில்களுக்கான பஞ்சுப் பொதிகள் கப்பலிலிருந்து இறங்கிய ஊர் லிவர்பூல். மில்கள் மூடிய பிறகு ஒரு ஊர் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் பார்க்க வேண்டியது அந்தத் துறைமுகத்தைத்தான் என்பது என் கட்சி.

1715இல் லிவர்பூலில் கப்பல்கள் நிற்க, கடல்நீர் ஏறி இறங்கினாலும் உள்ளே தண்ணீர் குறையாத அடைப்புத்துறை கட்டினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அடிமை வணிகத்தில் பிரிட்டனின் முதல் துறைமுகம் அதுதான். 1807இல் சட்டம் போட்டு ஆள் விற்பதை நிறுத்தினார்கள். ஆனால் அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பருத்தி வந்துகொண்டேதான் இருந்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்துப் பஞ்சு வரத்து நின்றதும், மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் வட்டார மில் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். இந்தியப் பருத்திக்குத் திடீர் மவுசு வந்தது. போர் முடிந்ததும் அந்த மவுசும் இறங்கிவிட்டது. பஞ்சு வியாபாரம் அன்றைக்கும் இப்படித்தான்.

அப்புறம் சரிவு. கப்பல்கள் பெரிதாகின, கண்டெய்னர் வந்தது, வணிகம் ஐரோப்பா பக்கம் திரும்பியது. மேற்குக் கரையில் இருந்த லிவர்பூல் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டது. 1930களில் எட்டரை லட்சம் இருந்த மக்கள்தொகை 2001இல் நாலரை லட்சத்துக்கும் கீழே. 1846இல் மரமே சேர்க்காமல் இரும்பும் செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டிய ஆல்பர்ட் டாக் என்ற கப்பல்துறையின் கிடங்குகள் 1972இல் மூடப்பட்டு, துறை முழுக்கச் சேறு மண்டிப்போனது. இடித்துவிடலாம் என்றுகூட யோசனை வந்தது. 1981இல் கலவரம் நடந்தபோது, இந்த ஊருக்குப் பணத்தைக் கொட்டி வீணாக்க வேண்டாம், மெல்லத் தேயவிடலாம் என்ற ரீதியில் நிதியமைச்சரே பிரதமர் தாட்சருக்கு எழுதியது, முப்பது வருஷம் கழித்து ஆவணங்கள் வெளிவந்தபோது தெரிந்தது.

நல்லவேளை, கிடங்குகளை இடிக்கவில்லை. 1988இல் அதே கட்டடங்களில் டேட் கலைக்கூடம் திறந்தது. 2008இல் லிவர்பூலுக்கு 'ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர்' என்ற ஓராண்டுப் பட்டம். (பீட்டில்ஸ் இசைக்குழு பாடிய கேவர்ன் கிளப்பை 1973இல் மூடி மண்ணைப் போட்டு நிரப்பியதும் இதே ஊர்தான். பிறகு ஞானம் வந்து, பழைய செங்கல்லைப் பொறுக்கி 1984இல் திரும்பக் கட்டினார்கள்.)

எனக்கு இதில் பெரிதாகப் படுவது கலைக்கூடமோ பீட்டில்ஸோ இல்லை. 2007இல் அதே ஆல்பர்ட் டாக்கில் அடிமை வணிகத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்களே, அதுதான். எங்கள் செல்வம் இப்படித்தான் வந்தது என்று, பணம் புரண்ட இடத்திலேயே எழுதி வைப்பதற்குத் தைரியம் வேண்டும். 2004இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டத்தைப் புதுக் கட்டடங்கள் கட்டியதால் 2021இல் பறிகொடுத்தார்கள். போனால் போகட்டும், அருங்காட்சியகம் இருக்கிறதே.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்ததும் வரிசையாக மில்கள். சங்குச் சத்தத்தை வைத்து மணி சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. மூடிய மில் ஒவ்வொன்றும் அடுக்குமாடியாகிறது, இல்லையென்றால் முள்ளுக்காடாகிறது. எம்.ஜி.ஆரும் கலைஞரும் இளம் வயதில் வேலை பார்த்த சென்ட்ரல் ஸ்டுடியோ சிங்காநல்லூரில்தான் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உக்கடத்தில் சுவரோவியம் வரைகிறார்கள், குளக்கரையை அழகாக்குகிறார்கள். சந்தோஷம். ஆனால் மில் சுவருக்குள் யார் வேலை செய்தார்கள் என்று அந்த ஓவியம் சொல்லாது.

'மியூசியம் சோறு போடுமாங்க?' என்று மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போடாது. லிவர்பூலிலும் இன்றைக்கும் வறுமைப்பட்ட பகுதிகள் நிறைய. பண்பாட்டு விழா மில் வேலைக்கு மாற்றாகாது. அப்படிச் சொல்லி நிதி கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

இருந்தாலும் ஒரே ஒரு மில்லை, சிம்னியும் தறிக்கூடமும் ஸ்பின்னிங் மிஷினுமாக, அப்படியே நிறுத்தி வைக்கலாம். அதில் முதலாளிகளின் படத்தோடு நிறுத்தக் கூடாது. கொலை வழக்கில் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் பெயர்களும் அங்கே இருக்க வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அட்டாலியில் அப்பாவின் மில் டோக்கன், சம்பளச் சீட்டு, சங்க நோட்டீஸ், பழைய ஷிப்ட் போட்டோ ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து, எந்த மில், எந்த வருஷம் என்று கீழே கமெண்டில் போடுங்கள்.