மீட்பு என்றால் எந்த மீட்பு?

நேற்றுச் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன், ‘ஏரியில் மூழ்கிய மாணவர்கள் இருவர் மீட்பு’ என்று ஒரு அறிவிப்பு வந்து விழுந்தது. அப்பாடா என்று சத்தமாகவே படித்துவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ‘நல்லவேளை, பெத்தவங்க வயித்துல பால வார்த்தான்’ என்றார். சரி, யார் காப்பாற்றினார்கள் என்று பார்க்க உள்ளே போனால், இரண்டு விளம்பரத்தைத் தாண்டி மூன்றாவது பத்தியில் இருக்கிறது, இருவரையும் தீயணைப்பு வீரர்கள் சடலமாக மீட்டனர் என்று. அதை நான் அம்மாவிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

அடகு வைத்த செயினை மீட்டேன் என்றால் செயின் கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். போனது திரும்பி வருவதற்குத்தான் அந்தச் சொல். செய்தியில் அது என்ன பாடு படுகிறது! திருட்டு நகை மீட்பு, கோயில் நிலம் மீட்பு, 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் வந்தபோது சிலை மீட்பு, இதெல்லாம் நியாயம். கொத்தடிமைகள் மீட்பு, அதைவிட நியாயம். ஆனால் இலங்கைச் செய்திகளில் ‘கஞ்சா மீட்பு’ என்று பார்க்கும்போதெல்லாம், தொலைத்துவிட்டுத் தேடியது யார் என்று கேட்கத் தோன்றும். இங்கே அதற்குப் பறிமுதல் என்கிறோம், அந்த மட்டும் பிழைத்தோம். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்தாலும் மீட்பு. போகட்டும், பாம்பு கோபித்துக்கொள்ளாது. கிணற்றில் விழுந்த பசுவுக்கு மட்டும் மறக்காமல் ‘உயிருடன் மீட்பு’ என்று போடத் தெரிகிறவர்களுக்கு, மனிதப் பிள்ளை விஷயத்தில் ‘உடல்’ என்கிற மூன்றெழுத்துக்குத் தலைப்பில் இடமில்லையாம்.

2019 தீபாவளியை யாரால் மறக்க முடியும்? மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட ரிக் இயந்திரம் வந்து, பாறையோடு மல்லுக்கட்டி, நான்கு நாள் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். அந்த நான்கு நாளும் கீழே ஓடிக்கொண்டிருந்தது ‘மீட்புப் பணி’. அப்போது அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், பிள்ளை உயிரோடு மேலே வரும். செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் வந்ததும் மீட்புதான், உடல் மீட்பு. நான்கு நாள் நம்பிக்கையைச் சுமந்த அதே சொல்லையே எடுத்து அதன்மேல் போர்த்தினார்கள். 2023 நவம்பரில் உத்தரகண்ட் சில்க்யாரா சுரங்கத்தில் 17 நாள் சிக்கியிருந்த 41 தொழிலாளர்கள் வெளியே வந்தபோதும் தலைப்பு ‘மீட்பு’தான். முன்னே ‘பத்திரமாக’ இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உயிருடன், பத்திரமாக என்று முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும் என்றால் அந்தச் சொல் செத்தேபோய்விட்டது என்றுதானே பொருள்?

எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. ஆங்கிலச் செய்தியில் ரெஸ்க்யூ வேறு, ரெக்கவர் வேறு. உயிரோடு காப்பாற்றினால் முன்னது, உடலை எடுத்தால் பின்னது. அவசரத்தில் மொழிபெயர்க்கிறவருக்கு இரண்டுக்கும் கைக்கு வந்தது மீட்பு. நம்மிடம் சொல் பஞ்சமா என்ன? காப்பாற்றினர், உடல் கிடைத்தது, உடலை எடுத்தனர், முடிந்தது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலாவது யாராவது ‘அவரைச் சடலமாக மீட்டாங்க’ என்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். பகைவர் ஓட்டிப்போன மாட்டு மந்தையை மீட்கப் போராடிச் செத்தவனுக்கு நட்ட கல்லில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டியிருக்கிறார்கள். தொறு என்றால் மந்தை. மந்தை மீண்டது, ஆள் பட்டான், அதாவது மாண்டான். கல்லில் உளியால் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தியவனுக்கு மீண்டது எது, மாண்டது யார் என்று பிரித்துச் சொல்ல முடிந்திருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால். கீபோர்டில் தட்டுகிற இவர்களுக்குக் கை வலிக்கிறதாம்.

இன்று காலையில் இன்னொரு ‘மீட்பு’ வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, ‘முழுசாப் படிச்சுட்டு அப்புறம் சொல்லு’ என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.