நீதிபதி ஐசக் பார்க்கர் ஆயிரக்கணக்கானோரைத் தூக்கிலிட்டாரா? பரவும் செய்தி தவறானது

அமெரிக்காவின் ‘தூக்கு நீதிபதி’ ஐசக் பார்க்கர் ஆயிரக்கணக்கானோரை விசாரணையின்றித் தூக்கிலிட்டார் என்றும், எவரையும் மேல்முறையீடு செய்ய விடவில்லை என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்பட்டு வருகிறது. இது உண்மையல்ல.

ஒஹாயோவில் 1838-இல் பிறந்த பார்க்கர், மிசூரியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1875-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் அவரை ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நகரிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றத்திற்கு நியமித்தார். அங்கு 21 ஆண்டுகளில் அவர் முன் வந்த 13,000-க்கும் மேற்பட்ட வழக்குகளில் மரண தண்டனைக்குரியவை 344 மட்டுமே. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் 160 பேர். அவர்களில் தூக்கிலிடப்பட்டவர்கள் 79 பேர். சிலர் குறிப்பிடும் 86 என்ற எண்ணிக்கை, அவர் பதவியேற்கும் முன்பே அங்கு தூக்கிலிடப்பட்ட எழுவரையும் சேர்த்தது. 79 சிறிய எண்ணிக்கையன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஆயிரங்களும் அன்று.

குற்றவாளியா இல்லையா என்பதைப் பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுவே (ஜூரி) முடிவு செய்தது. கொலைக்கும் வன்புணர்வுக்கும் அன்றைய கூட்டாட்சிச் சட்டம் மரணத்தையே கட்டாயத் தண்டனையாக வகுத்திருந்ததால், தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை. கருணை காட்டும் உரிமை குடியரசுத் தலைவரிடமே இருந்தது. மேல்முறையீட்டு வாய்ப்பு தொடக்கத்தில் இல்லாததற்கும் சட்டமே காரணம். 1889-இல் நாடாளுமன்றம் அவ்வழியைத் திறந்த பிறகு, அவருடைய தீர்ப்புகள் பலவற்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவரைக் குறை கூற விரும்புவோர் எடுத்துக்காட்ட வேண்டியது இதைத்தான்.

இவ்விவரங்களை, அந்நீதிமன்ற வளாகத்தைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.