ஆயா சொன்ன கதைக்குள் இரண்டு ஓட்டம் இருந்தது

ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது கூடுகிறோம். பழைய கதை பேசத்தான். போன மாதம் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் ஆயாவுக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்ட கதையை அவர் வாயால் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டி பற்றி எரிந்தது, ராத்திரியில் வானம் சிவந்துபோனது, அம்மா இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டி ஏறிப் பொன்னேரிப் பக்கம் போனது. ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாது என்று குழவியை மட்டும் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். வழியெல்லாம் அது ஆயாவின் காலில் இடித்துக்கொண்டே வந்ததாம்.

அன்றைக்கும் அதையே சொன்னார். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் செல்போனைப் பார்த்துவிட்டு, "எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22. அப்போ நீங்க பொறக்கவே இல்லையே ஆயா" என்றான். ஆயாவின் முகம் வாடிவிட்டது. "நான் வண்டியில போனேன்டா. கால் வலிச்சது ஞாபகம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுத் தாத்தா குறுக்கிட்டார். "அது ஜப்பான்காரன் பயம்மா. நாங்களும்தான் ஓடினோம்."

எல்லாம் விளங்கிவிட்டது. 1942 ஏப்ரல். ஜப்பான் படை வரப்போகிறது என்று அரசாங்கமே ஊரைக் காலிசெய்யச் சொன்ன நேரம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று உயிர்காலேஜில், அதாவது மிருகக்காட்சி சாலையில், சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றதும் அப்போதுதான். ஆயா வண்டியில் போனது இந்த ஓட்டத்தில். எரிந்த எண்ணெய்த் தொட்டியும் சிவந்த வானமும் அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது பார்த்தவை. இருபத்தெட்டு வருட இடைவெளியில் இந்த ஊர் இரண்டு தடவை மூட்டை கட்டியிருக்கிறது. ஒரே வீட்டில், அம்மா ஒரு தடவை பயந்தார், மகளோடு இன்னொரு தடவை ஓடினார். ஆயாவின் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதைத் தவறு என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் குழவி போயிருக்கும். அப்படியே எழுதிப் பகிர்ந்திருந்தால் 1942 போயிருக்கும். அதனால்தான் ஊர்க்கதையைத் தனியாக உட்கார்ந்து ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதக்கூடாது என்கிறேன். நாலு பேர் நடுவில் கேட்க வேண்டும். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

ராயபுரம் என்றாலே எல்லோரும் ரயில் நிலையப் படத்தைத்தான் போடுகிறார்கள். 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் போனது உண்மை, பெருமைதான். ஆனால் அந்தத் தேதி எங்கும் ஓடிப்போகாது, ஏட்டில் இருக்கிறது. ஸ்டான்லியை ஏன் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று எங்கள் ஆயா தலைமுறை சொன்னது என்பது, பஞ்ச காலத்தில் அங்கே கஞ்சி ஊற்றிய கதையைச் சொல்ல ஆள் இருக்கும்வரைதான் வீட்டுக்குள் புழங்கும்.

இன்னொன்று, பெண்களைக் கேளுங்கள். கூட்டத்தில் ஆண்கள்தான் முந்திக்கொண்டு பேசுகிறோம். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்துக்குப் போனதை அதே தாத்தா அரை மணி நேரம் சொன்னார். அவர் மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "நனைஞ்சு வந்து ஒரு வாரம் ஜுரத்துல படுத்திருந்தாராம், மாமியார் சொல்லிச் சொல்லித் திட்டுவாங்க." அந்த வீட்டுக்குள் அந்தக் கூட்டம் எப்படி நுழைந்தது என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது. சாயங்காலம் சமையல் வேலை இருக்கும், பெண்களால் நிம்மதியாக உட்கார முடியாது. அதனால் அடுத்த கூட்டத்தை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றியிருக்கிறோம்.

என் நைனாவும் ஹார்பர்தான். முப்பது வருடம் மூட்டை தூக்கினார். எந்தக் கப்பலில் என்ன ஏற்றினார், தோளில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது எதிர்வீட்டுத் தாத்தாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு நைனாவைத் தெரியும்.

அண்ணன் மகன் மறுநாள் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து வண்டிப் பயணத்தை முழுதாகப் பதிவுசெய்தான். அந்தக் குழவி இன்னும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு அதை மாடிக்குத் தூக்கிவரச் சொல்லியிருக்கிறார் ஆயா.