போர்டில் இருக்கும் ‘இம்ப்ளான்டாலஜிஸ்ட்’
பல் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் ‘இம்ப்ளான்டாலஜிஸ்ட்’ (தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன் மேல் பல் பொருத்துபவர்) என்று இருந்தால் நம்பிப் போகலாம் என்று பல் இம்ப்ளான்ட் பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டு எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பில் அப்படித் தனிப் பிரிவே கிடையாது; செயற்கைப் பல், ஈறு, வாய் அறுவை சிகிச்சை என்று ஏதாவது ஒன்றில் 3 வருடம் படித்தவர்களும் செய்கிறார்கள், பி.டி.எஸ். பட்டப்படிப்பு மட்டும் முடித்து நாலு நாள் கோர்ஸ் போய் வந்தவர்களும் போர்டு மாட்டுகிறார்கள் (பி.டி.எஸ்.ஸிலும் கைதேர்ந்தவர்கள் உண்டு, அது வேறு விஷயம்). சென்னை தண்டையார்பேட்டையில் என் அம்மாவுக்கு ஒருவர் சாதா எக்ஸ்ரே மட்டும் பார்த்து, சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ஸ்க்ரூ வைத்தார், ஐந்தாம் மாதம் அது இட்லியோடு கையில் வந்துவிட்டது. எந்த கம்பெனி ஸ்க்ரூ என்று கேட்டால் ஸ்டிக்கர்கூட இல்லை. அப்புறம் பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம், அங்கே முதல் கேள்வியே “மூணு மாச சர்க்கரை எவ்வளவும்மா?”